வெல்டரை ஆர்சிசிபி காப்பாற்றாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பழைய வீடுகளிலும் 2025 ஜூலை 1க்குள் ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்புக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து, மின்சாரம் கசிந்தால் அந்தக் கருவி உடனே துண்டித்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுத்திருக்கிறது. வீட்டுக்கு அது சரி. கப்பல் பட்டறைகளில் வெல்டிங் செய்யும் நம் ஊழியர்களும் அதையே நம்பியிருப்பதுதான் எனக்குப் பெருங்கவலை.

வெல்டிங் இயந்திரத்துக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. உருகி இரும்பை இணைக்கும் வெல்டிங் ராடுக்குப் போகும் மின்சாரம் அதன் தனிச் சுருளிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்தில் ஒருவர் உடலில் மின்சாரம் பாய்ந்தாலும், இயந்திரத்துக்கு மின்சாரம் வரும் முன்பக்கத்தில் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும். ஆர்சிசிபி கவனிப்பது அந்தச் சமநிலையை மட்டுமே. ஆகவே அது அசையாது.

வெல்டிங் சுடர் எரியும்போது ராடு முனையில் பெரும்பாலும் 20 முதல் 30 வோல்ட்தான். எரிவது நின்றதும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் வரை ஏறி நிற்கும். ராடு மாற்றுவது அப்போதுதான்! காய்ந்த கையுறையும் காய்ந்த தரையும் இருந்தால் பெரிதாக ஒன்றும் நேராது. நம் ஊர்ப் புழுக்கத்தில், கப்பல் தொட்டிக்குள், வியர்வையில் ஊறிய உடையோடு இரும்பின் மேல் முழங்காலிட்டிருப்பவரின் நிலை வேறு. இயந்திரத்தின் மற்றொரு வயரை இணைக்கும் எர்த் கிளாம்ப் மாட்டிய அந்த இரும்பே மின்சுற்றின் மறுமுனை. ஈர உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 80 வோல்ட்டில் 80 மில்லி ஆம்பியர் பாயும். மாறுமின்சாரமாக (ஏசி) இருந்தால், பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. எரியாத நேரத்தில் மின்னழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் விஆர்டி என்ற கருவி பல இயந்திரங்களில் உள்ளது. தொட்டி வேலைக்கு அது இல்லாத இயந்திரத்தை அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையுறை நனைந்தால் மாற்றிக்கொள்ள வேறொன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேலைக்கு முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டங்களில் தீ, புகை பற்றி நிறையப் பேசுகிறார்கள், அது அவசியம்தான். மின்சாரம் பற்றியும் அதே அளவு, தமிழிலும் வங்காளத்திலும், பேச வேண்டும்.

இன்னொன்று. மூடிய இடங்களில் வேலை நடந்தால் வாயிலில் ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு விதிமுறை. அவருக்கு வெல்டிங் இயந்திரத்தின் சுவிட்ச் எங்கே என்று தெரியுமா? இயந்திரம் மேல்தளத்தில் எங்கோ இருக்கும். மின்சாரத்தை நிறுத்தாமல் உள்ளே ஓடி நண்பரைத் தொட்டால் இருவருக்கும் ஆபத்து. சுவிட்சை எட்டும் தூரத்தில் ஆள் நிற்காமல் தொட்டி வேலைக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கக் கூடாது என்று மனிதவள அமைச்சு முதலாளிகளுக்கு வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் மேற்பார்வையாளர்,
ஜூரோங் வெஸ்ட்