சின்ன அரங்குகளை நடத்துகிறவர்களே, அந்தத் தும்மலை விட்டுவிடுங்கள்

வணக்கம்.

அறுபது, எண்பது நாற்காலி போட்ட சின்ன அரங்குகளை நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. எங்கள் நாடகத்துக்கு இடம் கேட்டு மூன்று மாதத்தில் மூன்று அரங்குகளின் படியேறி இறங்கிவிட்டோம், மூன்று இடத்திலும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே பதில், 'பிரதியைக் கொடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்', குரல்தான் வேறு வேறு. அப்புறம் ஒருவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது?

எங்கள் புது நாடகத்தின் பெயர் 'ரிப்பன்'. எழுபது நிமிடம், ஆறு நடிகர்கள், ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல். பாலம் ஒன்றைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார், ரிப்பனை வெட்டப் போகிறார், கத்தரிக்கோல் வெட்டமாட்டேன் என்கிறது. அதை வாங்கியது யார் என்று விசாரிக்க ஒரு குழு, அந்தக் குழு உட்கார நாற்காலி வாங்க இன்னொரு குழு. இதற்கிடையில் ரிப்பனுக்குப் பின்னால் பாலமே இல்லை என்பது ஒரே ஒரு குமாஸ்தாவுக்கு மட்டும் தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை. எந்தக் கட்சியின் பெயரும் வராது, எந்த ஊர் என்றும் வராது.

பிரதியைக் கேட்டீர்கள், கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பதினோரு இடத்தில் சிவப்பு மை. பத்து இடங்களைப் பற்றி நான் வாதாடத் தயார், சில இடங்களில் நீங்கள் சொல்வதில் நியாயம்கூட இருக்கலாம். ஆனால் ஒன்பதாவது வட்டம் ஒரு வசனத்தைச் சுற்றிக்கூட இல்லை. அடைப்புக்குறிக்குள் நான் எழுதிவைத்த ஒரு மேடைக்குறிப்பு, 'அமைச்சர் தும்முகிறார்'. அதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு கேள்வி: 'இது யாரைக் குறிக்கிறது?'

சத்தியமாக யாரையும் குறிக்கவில்லை. வெட்டாத கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுக்க அந்த நடிகருக்கு மூன்று நொடி வேண்டும், அதுவும் பார்வையாளர்கள் கையைக் கவனிக்காத மூன்று நொடி. அதற்காகத்தான் தும்மல். மேடையில் பாதி விஷயம் இப்படித்தான் வருகிறது, எழுதியவனின் அரசியலிலிருந்து இல்லை, நடிகரின் கை எங்கே போகவேண்டும் என்பதிலிருந்து. இப்போது என்ன ஆகிவிட்டதென்றால், உங்கள் வட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒத்திகையில் அவர் தும்மும்போதெல்லாம் 'யாராக இருக்கும், யாராக இருக்கும்' என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டுச் சிரிக்கிறோம். இல்லாத அர்த்தத்தை உண்டாக்கிக் கொடுத்ததற்கு நன்றி.

இன்னொரு அரங்கில் துண்டுப் பிரச்சினை. அமைச்சரின் தோளில் கிடக்கும் துண்டின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். சரி, மாற்றுகிறோம், என்ன நிறம் என்று கேட்டோம். சிவப்பு கூடாது, கருப்பு கூடாது, இரண்டும் சேர்ந்தது கூடவே கூடாது. பச்சை? வேண்டாம். காவி? ஐயோ. மஞ்சள்? அதுவும் ஒருவருடையது. நீலம்? யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். வெள்ளை போடலாமா என்றேன், 'வெள்ளை என்றால் எல்லோரையும் சொல்கிற மாதிரி ஆகிவிடுமே' என்றார். அந்த அரை மணி நேரப் பேச்சு எங்கள் நாடகத்தைவிட நன்றாக இருந்தது, அவர் அனுமதித்தால் அப்படியே மூன்றாவது காட்சியாகச் சேர்த்துக்கொள்வேன்.

இப்போது நான் கேட்க நினைப்பது ஒரே கேள்விதான். உங்களிடம் யாராவது சொன்னார்களா? காவல்துறையிலிருந்து கடிதம் வந்ததா, ஏதாவது கட்சிக்காரர் வந்து மிரட்டினாரா, மேலிடத்திலிருந்து போன் வந்ததா? மூன்று இடத்திலும் நான் இதைக் கேட்டேன், மூன்று பேரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்றுதான். எங்கள் குமாஸ்தாவின் கதையேதான் இதுவும், கொஞ்சம் திருப்பிப்போட்டால்.

நாடகத்துக்கு முன்னனுமதி என்பது இங்கிலாந்தில் சட்டமாகவே ஆனது எப்படி என்று பார்த்தால், அதற்குப் பெரிய காரணம் ஒரு சின்ன அரங்குதான். லண்டனில் ஹேமார்க்கெட் பகுதியில் 'லிட்டில் தியேட்டர்' என்றே பெயர் வைத்த ஒரு அரங்கு. 1736, 1737 இரண்டு வருடமும் ஹென்றி ஃபீல்டிங் அங்கே அரசியல் நையாண்டி நாடகங்களாகப் போட்டுத் தள்ளினார். அடி வாங்கியவர் பிரதமர் ராபர்ட் வால்போல். 1737 ஜூனில் வால்போல் ஒரு உரிமச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்: புது நாடகம் எதுவானாலும் மேடையேற்றுவதற்குப் பதினான்கு நாள் முன்னால் பிரதியை லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். ஃபீல்டிங் நாடகத்தை விட்டுவிட்டு வழக்கறிஞராகி, நாவலாசிரியராகி, கடைசியில் மாஜிஸ்திரேட்டும் ஆனார். அந்தத் தணிக்கை போக 1968 வரை ஆயிற்று, 231 வருடம். அவர்களே பதினான்கு நாள்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டது ஐந்து வாரம்.

இந்தியாவில் 1876. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது ஒரு வழக்கறிஞர் அவரைத் தன் வீட்டுப் பெண்கள் இருக்கும் பகுதிக்கே அழைத்துப்போய் உபசரித்தார். கிரேட் நேஷனல் தியேட்டர்காரர்கள் அதை வைத்து ஒரு கேலி நாடகம் போட்டார்கள், போலீஸ் நிறுத்தியது. உடனே போலீஸையே வைத்து இன்னொன்று போட்டார்கள். கமிஷனர் பெயர் ஹாக், சூப்பரிண்டெண்ட் பெயர் லாம்ப். ஒன்று பன்றி, ஒன்று ஆட்டுக்குட்டி, தலைப்பு தானாகவே கிடைத்துவிட்டது. அந்த வருடமே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. சென்னை மாநிலம் 1954-இல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது, அது எம்.ஆர்.ராதாவை மனதில் வைத்துப் போட்டதுதான் என்பது நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிற பேச்சு.

அதெல்லாம் இப்போது எங்கே? 1954 சட்டத்தை எதிர்த்து 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டார், சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. 1876 சட்டத்தை நாடாளுமன்றமே தூசுபடிந்த மற்றப் பழைய சட்டங்களோடு சேர்த்து ரத்து செய்தது, 2018 தொடக்கத்தில். ஆக, பிரதியைக் கொடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அந்தச் சட்டங்கள் செய்துவந்த வேலையை அரசாங்கம் விட்டுவிட்ட பிறகு, சம்பளம் இல்லாமல் நீங்கள் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அரங்கு உங்களுடையது, கண்ணாடி உடைந்தால் மாற்றவேண்டியது நீங்கள், நாங்கள் இரண்டு நாள் ஆடிவிட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். அடுத்த மாதம் குழந்தைகள் நாடகம் போட வருகிறவர்களுக்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989 ஜனவரி முதல் தேதி டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாதில் தெருவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியை அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். நாடகம் போட்டால் அடி விழாது என்று யாரிடமும் நான் சத்தியம் செய்ய முடியாது. (அவர் இறந்த இரண்டாம் நாள் அவர் மனைவி மொலோயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், நின்றுபோன அந்த நாடகத்தை ஆடி முடித்துவிட்டு வந்தார். இதை எழுதும்போதே எனக்கு என்னவோ போல் இருக்கிறது.)

ஆனால் ஒரு நையாண்டி நாடகத்துக்கு அவ்வளவு பலம் இருப்பதாக நினைத்து நீங்கள் எங்களுக்குக் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம். கி.மு. 424-இல் ஏதென்ஸில் அரிஸ்டோஃபனிஸ் 'குதிரை வீரர்கள்' நாடகத்தில் கிளியோன் என்ற அரசியல்வாதியைக் கிழி கிழி என்று கிழித்தார். அவர் முகத்தை முகமூடியாகச் செய்துதரக்கூட ஆட்கள் பயந்தார்கள் என்று நாடகத்திலேயே ஒரு வசனம் வருகிறது. போட்டியில் அந்த நாடகத்துக்கு முதல் பரிசு. சில வாரம் கழித்து அதே மக்கள் அதே கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாடகமும் ஜெயித்தது, அவரும் ஜெயித்தார். நீங்கள் பயப்படுவது முகமூடி செய்கிறவர்களின் பயம், அதற்கு வயது இரண்டாயிரத்து நானூறுக்கு மேல்.

சரி, பெரிய அரங்காகப் பார்த்துப் போகவேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டார். காசு இல்லை என்பது ஒரு காரணம்தான். முக்கியமான காரணம், நகைச்சுவைக்கு நெரிசல் வேண்டும். ஐநூறு பேர் உட்காரும் இடத்தில் எழுபது பேர் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்தால் நல்ல வசனம்கூடச் செத்துப்போகும். அதே எழுபது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவர் மூக்கால் விடுகிற சிரிப்பு பக்கத்து ஆளுக்குத் தொற்றும். அரசியல் நகைச்சுவைக்கு இது இரட்டிப்பாகத் தேவை, ஏனென்றால் இந்த மாதிரி வசனத்துக்கு யாரும் உடனே சிரிப்பதில்லை. முதலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார்கள், சிரிக்கலாமா என்று. அந்த அரை நொடித் தயக்கத்தை நடிகர் மேடையிலிருந்தே பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு அடுத்த வசனத்தை நிறுத்திவைக்கவேண்டும். அவசரப்பட்டால் சிரிப்பை விழுங்கிவிடுவார். முன்வரிசை முகம் தெரியாத மேடையில் இதைச் செய்யவே முடியாது. அதனால்தான் உங்களிடம் வருகிறோம், வேறு வழியில்லாமல் இல்லை.

இன்னொன்று, அரசியல் வசனம் சீக்கிரம் ஊசிப்போகும். ஐந்து வாரம் பிரதி உங்கள் மேசை இழுப்பறையில் தூங்கியபோது இரண்டாவது காட்சியின் மூன்று நக்கல்கள் பழசாகிவிட்டன, ஒன்று நிஜத்திலேயே நடந்துவிட்டது. எங்கள் இறுதிப் பிரதி முதல் நாள் மாலை ஐந்து மணிக்குத்தான் தயாராகும், இரண்டாம் நாள் அதுவும் மாறும். அதனால் பிரதியைப் படித்து முடிவு செய்கிறேன் என்று நீங்கள் சொல்லும்போது நீங்கள் படிப்பது நாடகத்தை இல்லை.

நாங்களும் வெட்டுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நண்பரின் வீட்டுக் கூடத்தில் பதினான்கு பேருக்குப் படித்துக் காட்டினோம். நீங்கள் சிவப்பு மையில் சுழித்த வசனங்களில் பாதிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை, அவை தாமாகவே செத்துவிட்டன, உங்களுக்கு வேலையே இல்லை. குமாஸ்தா ஒரு வசனம் சொல்வார், 'ஐயா, பாலம் இல்லை என்பதற்கு யார் கையெழுத்துப் போடுவது?' அதற்குத்தான் கூடமே அதிர்ந்தது, அதை நீங்கள் சுழிக்கக்கூட இல்லை. அப்புறம், அமைச்சர் காலை இழுத்து நடப்பதை வைத்து நான் ஒரு இடம் எழுதியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவே அதை எடுத்துவிட்டேன். ஒருவருடைய பதவியைக் கிண்டல் செய்கிறேன் என்று கிளம்பி அவருடைய காலைக் கிண்டல் செய்துகொண்டிருந்தது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பதினோரு வட்டத்தில் அந்த இடம் இல்லை.

ஆகவே நான் கேட்பது: பிரதியை வாங்காதீர்கள், ஒத்திகைக்கு வாருங்கள். படிக்கும்போது மிரட்டுகிற வசனம் ஆடும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு இந்த இடம் உதைக்கிறது என்று சொன்னால் உட்கார்ந்து பேசுவோம், சில நேரம் நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கும், நாங்கள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. ஒப்பந்தத்தில் 'ஆட்சேபத்துக்குரிய எதுவும் இருக்கக்கூடாது' என்று ஒரு வரி போடுகிறீர்களே, அதை எடுத்துவிட்டு, நாடகத்தின் உள்ளடக்கத்துக்குக் குழுதான் பொறுப்பு என்று போடுங்கள், நான் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். யாராவது உண்மையிலேயே வந்து மிரட்டினால் எங்களையும் கூப்பிடுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்து 'மின்சாரக் கோளாறு, தேதி இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு குழுவுக்கு அப்படி நடந்திருக்கிறது. மறுநாள் அவர்கள் போய்ப் பார்த்தால் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்ததாம்.

இப்போதைக்கு மொட்டை மாடியில் ஒத்திகை நடக்கிறது, மாலை ஆறரை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை தவிர. மூன்று பேருக்கும் மூன்று நாற்காலி போட்டுவைக்கிறோம், முன்வரிசையில் வேண்டாம், இரண்டாம் வரிசையில். தும்மல் அப்படியேதான் இருக்கிறது. மூன்று நொடிக்கு வேறு ஏதாவது வழி உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், இருமல் வைத்துப் பார்த்தோம், கத்தரிக்கோல் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் துண்டு. இன்னும் நிறம் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
'ரிப்பன்' நாடகத்தை எழுதியவன்