தாத்தா, கோலமாவுல நீங்க போட்ட அந்தப் படம்

தாத்தா,

நாளைக்கு உங்க திதி. நான் வரல, அம்மாவும் வரல. இதை நான் போட்ட அரை மணி நேரத்துல நம்ம ஃபேமிலி க்ரூப்ல சுத்தும்னு தெரியும், அதனால சில பேரை சொல்ல மாட்டேன், சில விஷயத்தை பாதியில விட்டுடுவேன். உங்களுக்குப் புரியும்.

மன்னிப்பு கேக்கத்தான் எழுத ஆரம்பிச்சேன். கடைசி வாரம் ஆஸ்பத்திரில "அந்தப் படத்தை ஒரு பேப்பர்ல போட்டு வெச்சுக்கோ கண்ணு"ன்னீங்க, நாளைக்கு போடறேன் தாத்தான்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். செமஸ்டர் நடந்துட்டு இருந்துச்சு, பத்தொம்பது வயசு, நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்கன்னுதான் நினைச்சேன்.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜப்பானுக்குக் காவலுக்குப் போன காமன்வெல்த் படைல நீங்க இருந்தீங்களே, அதுல யாருக்குக் கீழ யாருன்னு காட்டற படம் அது. நீங்க அதைப் போட்டப்ப எனக்கு பத்து வயசு. மே மாசம், பெரம்பூர் மொட்டை மாடி, கரண்ட் இல்ல, அம்மாவோட கோலமாவு டப்பாவை நீங்க தூக்கிட்டு வந்து நிலா வெளிச்சத்துல கட்டம் கட்டமா போட்டீங்க. உச்சில அப்ப ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர், அதுக்குக் கீழ அமெரிக்காவோட எட்டாவது ஆர்மி, அதுக்குக் கீழ நம்ம காமன்வெல்த் படை. அந்தக் கட்டத்துல இருந்தே இன்னொரு கோடு தண்ணி டேங்க் வரைக்கும் இழுத்து "இது மெல்போர்ன்"னீங்க. ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, இந்தியா, நாலு நாட்டு சார்பா அங்க உக்காந்து நிர்வாக உத்தரவு போடுவாங்க, ஆனா களத்துல எங்க நிக்கணும்னு சொல்றது அமெரிக்காக்காரன். உச்சத்துல ஏறக்குறைய 40,000 பேர் இருந்த படைக்கு ரெண்டு எஜமான். ஒரு கம்பளி கேக்கணும்னா எத்தனை கையெழுத்துன்னு விரல் மடக்கி எண்ணிக் காட்டினீங்க. "காவல் நாங்க, ஆட்சி அவன்"னு சொன்னப்ப உங்க குரல் மாறிடுச்சு, ஐம்பது வருஷம் ஆகியும் அது ஆறல.

அப்புறம் பிரிட்டிஷ் இந்தியன் டிவிஷன், அதுக்குக் கீழ நம்ம 268-வது பிரிகேட். பிரிகேடுக்குத் தலைவரா இருந்த திம்மையா பேரை சொல்லும்போது மட்டும் நிமிந்து உக்காந்தீங்க. பஞ்சாப், மராட்டா, கூர்க்கா, மூணு பட்டாலியனுக்கு மூணு கட்டம். அம்மா சொம்புல தண்ணி கொண்டு வந்து கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இதுல நீங்க எங்க மாமா?"ன்னு கேட்டாங்க. அடியில ஒரு புள்ளி வெச்சீங்க. "கிளார்க்குக்கு கட்டம் கிடையாதும்மா." அவ்ளோ பிரியமா சொன்னீங்க தாத்தா.

அந்த தைரியத்துலதான் அம்மா கேட்டாங்க. "மாமா, ஸ்கூல் வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும்."

நீங்க தலையைத் தூக்காம "அவன்கிட்ட சொல்லு, அவன் வந்து என்கிட்ட பேசட்டும்"னீங்க.

அவன் பேசுனானா இல்லையான்னு இங்க எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை போயிடுச்சு.

உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. இத்தனை வருஷமா அது இல்லைன்னு சொல்லிட்டு இருந்தேன். உங்க காலத்து ஆளு, அப்படித்தான் வளந்தாருன்னு நானே எல்லார்கிட்டயும் உங்களுக்காகப் பேசியிருக்கேன். ஆனா போன வருஷம் உங்க படையைப் பத்தி உக்காந்து படிச்சேன், அதுல 1945 டிசம்பர்ல காமன்வெல்த் படையோட முதல் கமாண்டர் ஜெனரல் நார்த்காட்டும் மெக்கார்தரும் போட்டுக்கிட்ட ஒப்பந்தம் வந்துச்சு. கொள்கை விஷயம்னா காமன்வெல்த் கமாண்டர் எட்டாவது ஆர்மியைத் தாண்டி நேரா மெக்கார்தர்கிட்டயே போகலாம்னு அதுல வழி இருக்கு. அதைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கல. ஜெயிச்ச ராணுவத்துலயே அப்படி ஒரு கதவு வெச்சிருந்தாங்க தாத்தா, நம்ம வீட்ல ஏன் வெக்கல? அடியில புள்ளியா இருக்கறது எப்படி வலிக்கும்னு அந்த வீட்லயே தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானே.

ஆனா காய்ச்சல்ல நான் கிடந்தப்ப விடிய விடிய விசிறினது நீங்க. அதையும் சொல்லணும்.

நாளைக்கு யார் சமைக்கணும்னு போன வாரம் அம்மாவுக்கு போன் வந்துச்சு, வழக்கம் போல வேற ஒருத்தர் வழியா. இந்தத் தடவை அம்மா நேரா திருப்பி கூப்பிட்டு முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல இங்க வேணாம்.

நேத்து ராத்திரி படத்தை பேப்பர்ல போட்டேன். மெல்போர்ன் கோடு, ஜப்பான்ல உங்க பிரிகேட் இருந்த மட்சுவே ஊர், எல்லாம். அம்மா கண்ணாடி போட்டு பாத்துட்டு பென்சிலை வாங்கி நான் வெச்ச புள்ளியை அழிச்சாங்க. "அங்க இல்லடி, மராட்டா கட்டத்துக்கு இடது பக்கம் வெச்சாரு"ன்னு சொல்லி அவங்க கையாலயே வெச்சாங்க.