வேப்பிலை செருகும் முன்பே பரவிவிடும் தட்டம்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா கிராமங்களில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டால், வாசலில் வேப்பிலை செருகுவது, தாளிக்காமல் சமைப்பது, வெளியாட்களை உள்ளே விடாதிருப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குழந்தையைத் தனியே படுக்க வைப்பது எனத் தலைமுறைகளாகத் தொடரும் கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளியைத் தனிமைப்படுத்தும் அந்த வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால், மணல்வாரி என்று நாம் சொல்லும் தட்டம்மையைப் பொறுத்தவரை அந்தக் காவல் நான்கு நாள் தாமதமாகவே வந்து சேர்கிறது.

உடலில் தடிப்பு தெரிவதற்கு ஏறத்தாழ நான்கு நாள் முன்பிருந்தே குழந்தையிடமிருந்து நோய் பரவத் தொடங்கிவிடும். அப்போது காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவை மட்டுமே இருப்பதால், சாதாரணச் சளி என்றெண்ணி அங்கன்வாடிக்கும் அனுப்புகிறோம், டவுன் பஸ்ஸில் கும்பகோணத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். இருமலில் வெளிப்படும் கிருமி அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கக்கூடியது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேரைத் தொற்றக்கூடியது. ஆகவே, வேப்பிலைக்கு முன்னால் நிற்கக்கூடிய காவல் தடுப்பூசி ஒன்றுதான்.

தடிப்பு மறைந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணமும் தவறானது. தட்டம்மையில் குழந்தைகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாதான். கடும் வயிற்றுப்போக்கு, காதில் சீழ் ஆகியவையும் வரலாம். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படுகிறது. வைட்டமின் ஏ குறைபாடுள்ள குழந்தை பார்வையையே இழக்க நேரிடும். வேறு நோய்களுக்கு எதிராக உடல் முன்பே சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பாற்றலையும் இந்தக் கிருமி அழித்துவிடுவதால், பிழைத்த குழந்தையும் பல மாதங்கள் நோஞ்சானாக இருக்கிறது. மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஆத்தா வந்திருக்கும்போது ஊசி மருந்து ஆகாது என்று யார் சொன்னாலும் கேட்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் தரப்படும் வைட்டமின் ஏ, கண்ணையும் உயிரையும் காக்க உதவும்.

தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடப்படுகிறது. முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். நம் பகுதியில் தவறிப்போவது இந்த இரண்டாவது தவணைதான் என்பது ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியனாகிய என் அனுபவம். பிரசவம் தாய்வீட்டில் நடக்கிறது, முதல் ஊசியும் அங்கேயே போடப்படுகிறது. பிறகு தாயும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்கு வந்துவிட, தடுப்பூசி அட்டை தாய்வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. நடவு நாட்களில், தடுப்பூசி போடும் புதன்கிழமைக் காலை என்பது கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். ஒன்பதாவது மாதத்தில் போடும் ஒரு தவணை நூற்றில் சுமார் 85 பேரையும் இரண்டு தவணை சுமார் 97 பேரையும் காக்கும் என்பதால், விட்டுப்போன ஊசி சிறிய விஷயமல்ல. ஒன்பது மாதம்கூட நிரம்பாத பக்கத்து வீட்டுப் பச்சிளங்குழந்தைக்கு, சுற்றியிருப்பவர்கள் ஊசி போட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

2017இல் பள்ளிகளில் இந்த ஊசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோரை நான் அறிவேன். தடுப்பூசி அம்மனுக்கு விரோதம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: பெரியம்மையைத் தடுப்பூசியால் ஒழித்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பாடைக் காவடியும் குறையவில்லை, புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலில் கூட்டமும் குறையவில்லை.

எனவே, நடவு, அறுவடைக் காலங்களில் மாலை நேரத்திலும் தடுப்பூசி முகாம் நடத்தவும், வட மாநிலங்களிலிருந்து நடவுக்கும் செங்கல் சூளைக்கும் வரும் குடும்பங்களின் குழந்தைகளையும் அதில் சேர்க்கவும், அங்கன்வாடியில் சேர்க்கும்போதே இரண்டாவது தவணையைச் சரிபார்க்கவும், அட்டை இல்லை என்று எந்தத் தாயையும் திருப்பி அனுப்பாதிருக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியாகத் தடுப்பூசி நாளை அறிவிக்க விழாக் குழுவினரும் முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.