திரைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, மெக்சிகோவின் கிராமத்து வாழ்வை ஆவணப்படமும் கதைப்படமும் கலந்த வடிவில் சொல்லும் மூன்று படங்கள் இவ்வாண்டு திரையிடப்பட்டன. ஊர்மக்கள் தம் வாழ்வைத் தாமே நடித்துக் காட்டும்போது அதில் எவ்வளவை உண்மையென்று கொள்வது என்ற கேள்வி மூன்று மாலைகளிலும் எழுந்தது.

முதற்படம் 1936-இல் வெளியான ‘ரெதேஸ்’. வெராக்ருஸ் மாநிலத்தின் அல்வராதோவில், அரசுக் கல்வித் துறையின் ஆதரவில் எடுக்கப்பட்ட இதில் நடித்தோரில் பெரும்பாலோர் அவ்வூர் மீனவர்கள். மருத்துவத்துக்குப் பணமின்றிப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர், மீனை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வியாபாரிக்கு எதிராக மற்றவர்களைத் திரட்டுகிறார். அவருடைய மேடைப்பேச்சு ஒப்பிப்பது போலிருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வலை இழுக்கும் காட்சியில் ஒளிப்பதிவாளர் பால் ஸ்ட்ராண்டின் கேமரா அந்தத் தோள்களிலும் கயிறு பற்றிய கைகளிலும் நிலைக்கும்போது, நடிப்பா நிஜமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, ஜான் ஸ்டைன்பெக் எழுதி ஹெர்பர்ட் கிளைன் இயக்கிய ‘தி ஃபர்காட்டன் வில்லேஜ்’ (1941). கிணற்று நீரால் பிள்ளைகள் நோயுற்று இறக்கும் ஊருக்கு ஒரு சிறுவன் மருத்துவர்களை அழைத்து வருகிறான். நடிப்பவர்கள் கிராமத்தார், ஆனால் அனைவருக்குமாகப் பேசுவது ஆங்கிலப் பின்னணிக் குரல் ஒன்றே. இது எனக்கு ஒப்பவில்லை. அன்று ஒலிப்பெருக்கி சிறிது நேரம் பழுதானதற்கு வருந்துகிறேன். ஆயினும் அந்தச் சத்தமற்ற நிமிடங்களில்தான் நாட்டு மருத்துவச்சியின் முகத்தைச் சரியாகப் பார்த்ததாக மூத்த உறுப்பினர் ஒருவர் கூறியது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

பேத்ரோ கொன்சாலெஸ்-ரூபியோவின் ‘அலமார்’ (2009) பற்றிய விவாதம் அரங்கைப் பூட்டும்வரை நீண்டது. நிஜத் தந்தையும் மகனும், கரீபியக் கடலின் பான்கோ சின்சோர்ரோ பவளத்திட்டில், நீருக்குள் கால் ஊன்றிய குடிலில் தங்கி மீன்பிடிக்கிறார்கள். மகன் தாயுடன் வாழ இத்தாலி செல்வதால் நேரும் அவர்களின் பிரிவு நிஜம். பவளத்திட்டுக்கான பயணமோ படத்துக்காக அமைக்கப்பட்டது. யாரும் எழுதி வைக்காத உண்ணிக்கொக்கு ஒன்று குடிலுக்குள் வந்து, பூச்சிகளைக் கொத்தித் தின்று, சிறுவனோடு பழகிப் பிறகு காணாமற்போகிறது. அமைத்த கதைக்குள் அமைக்காத ஒன்று நுழைய இடம் விட்டிருப்பதே இயக்குநரின் திறமை என்பது என் கருத்து.

வரும் ஆண்டின் முதல் திரையிடலாக, புவெப்லா மாநிலத்துக் கிராமமொன்றின் சிறுவர்களைத் தொடரும் தத்தியானா ஹுவெசோவின் ‘எல் எக்கோ’ (2023) படத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.