கிரகணம் காரணம் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "எனக்குப் பிறக்கிற குழந்தைக்கும் ஒரே கிட்னிதான் இருக்குமாப்பா?" என்று போனில் கேட்டாய். தொண்டை அடைத்துக்கொண்டது, ஒன்றும் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. 17-ஆவது குரோமோசோமில் எச்.என்.எஃப்.1பி என்று ஒரு ஜீன். உனக்கு அதில் இருக்கிற அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை. கரு உருவாகி ஐந்தாவது வாரவாக்கில் சிறுநீர்க் குழாயின் மொட்டு முளைத்து, பக்கத்துத் திசுவுக்குள் போய்க் கிளைவிட வேண்டும். மொட்டும் திசுவும் ஒன்றையொன்று தூண்டினால்தான் கிட்னி வளரும். அதை நடத்துகிற ஜீன்களில் இதுவும் ஒன்று. உனக்கு இடப்பக்கம் அது நடக்கவில்லை. எனக்கு இரண்டும் உண்டு, சின்னச் சின்ன நீர்க்கட்டிகளோடு. ஒல்லியாக இருந்த எனக்கு 28 வயதிலேயே சர்க்கரை வந்ததும், மெக்னீசியம் எப்போதும் குறைவாக இருப்பதும் இதனால்தானாம். இந்த ஜீனுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பே 1997-ல்தான் தெரியவந்தது. அப்போது உனக்கு ஒரு வயது.

1995 அக்டோபர் சூரிய கிரகணத்தன்று அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று சொந்தக்காரர்கள் பேசியது உனக்கும் தெரியும். அவள் இத்தனை வருஷமும் அதை மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உனக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த மாற்றம் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. போனாலும் உன்னைப் போலவே ஒற்றைக் கிட்னியாக இருக்கும் என்று இல்லை. சிலருக்கு ஸ்கேன் எடுக்காவிட்டால் தெரியவே தெரியாது. சில குழந்தைகளுக்கு இரண்டு கிட்னியுமே பழுதாகிவிடும். அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மாப்பிள்ளையோடு போய் மரபணு ஆலோசகரைப் பார். இந்த மாற்றம் இருக்கிற பெண்களில் சிலருக்குக் கர்ப்பப்பையின் அமைப்பும் மாறியிருக்குமாம், அதையும் பார்க்கச் சொல். பிபி, சர்க்கரை, மெக்னீசியம் மூன்றையும் விடாமல் பார்த்துக்கொள். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதே. ஒற்றைக் கிட்னியோடு பிறக்கும் பலருக்குக் காரணம் எந்த ஜீனென்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. நமக்குத் தெரிந்திருக்கிறது, எதைத் தேட வேண்டும் என்று டாக்டரிடம் நேராகச் சொல்லலாம்.

தம்பி இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. நான் சொன்னால் தள்ளிப்போடுகிறான். நீ ஒரு வார்த்தை சொல்லு, உன் பேச்சைக் கேட்பான்.

அன்புடன்,
அப்பா