லாரியில் ஏறாத குப்பைக்கும் காசு கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னையை ஒட்டிய நகராட்சி ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் சங்கமும் அதே வார்டின் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றும் சேர்ந்து, சில ஆண்டுகளாகத் தெருவின் மக்கும் குப்பையை உரமாக்கி வருகிறோம். இதை மனுவாகக் கொடுத்தால் எந்த மேசைக்குப் போகும், எந்தக் கோப்பில் தூங்கும் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எங்களைப் போன்ற பல சங்கங்களுக்கும் இதே பாடுதான்.

கேட்பது ஒன்றுதான். இயந்திரம் வாங்கப் பணம் தருகிறீர்கள். அதை ஓட்டவும் தாருங்கள்.

உரக்கூடத்துக்குக் கூரை போட, தொட்டி கட்ட, குப்பையைத் துண்டு துண்டாக வெட்டும் ஷ்ரெட்டர் வாங்க எங்கிருந்தாவது நிதி வந்துவிடுகிறது. ரிப்பன் வெட்டுவார்கள், சுவரில் கல்வெட்டு பதிப்பார்கள். அடுத்த மாதமே யாரோ ஒருவர் வீட்டு வாளியிலிருந்து இளநீர் மட்டையோ, தெரியாமல் விழுந்த எவர்சில்வர் கரண்டியோ உள்ளே போகும். பிளேடு மழுங்கிவிடும். சாணை பிடிக்க வேண்டும், மோட்டார் காயில் எரிந்தால் புதிதாகக் கட்ட வேண்டும், மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒரு ரூபாய் கிடையாது. எங்கள் ஊரில் கேட்டபோது, "புது மெஷினுக்கு எஸ்டிமேட் போடலாம் சார், ரிப்பேருக்கு வழியில்லை" என்றார்கள். சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. விதி அப்படி.

இயந்திரம்கூடப் போகட்டும். உரம் போடுவது முழுக்க முழுக்க ஆள் வேலை. சமையலறைக் குப்பையில் ஈரம் மிகுதி. அதற்கு ஈடாகக் காய்ந்த சருகோ தென்னை நார்க் கழிவோ சேர்க்காவிட்டால் குவியல் காற்றில்லாமல் புளித்து நாறும். பக்குவமாகப் போட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டும். கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். அப்புறம் கிளறிக் காற்று விட வேண்டும், ஆற வைக்க வேண்டும், சலிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சருகெல்லாம் நனைந்து கிடக்கும். நார்க் கழிவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கையில் காசில்லாமல் ஒரு வாரம் விட்டால் போதும். கசிவு நீர் தெருவுக்கு வரும், புழு வரும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார், கூடத்துக்குப் பூட்டு விழும். நான் போய்ப் பார்த்த பூட்டிய உரக்கூடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் மூடப்பட்டவை. இயந்திரம் மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

எங்கள் கூடத்தில் இரண்டு அக்காமார் வேலை செய்கிறார்கள். சங்கம் வீட்டுக்கு வீடு வசூலித்துத்தான் சம்பளம் கொடுக்கிறது. அதே வீட்டுக்காரர்கள் நகராட்சிக்குக் குப்பைக் கட்டணமும் கட்டுகிறார்கள். "ஒரே குப்பைக்கு ஏன் சார் ரெண்டு தடவை கட்டணும்?" என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அரசிடம் பணம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் திடக்கழிவுத் திட்டங்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு, ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள ஊருக்கு 50 சதவீதம், பத்து லட்சம் வரை உள்ள ஊருக்கு 33, அதற்கும் பெரிய நகரத்துக்கு 25. பதினைந்தாவது நிதிக்குழு நகர உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்திலும் ஒரு பகுதி திடக்கழிவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாநிலத்தில் 'நமக்கு நாமே' இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நல்ல திட்டம், எனக்குப் பிடித்த திட்டமும்கூட. ஆனால் இவற்றின் கண்ணுக்குப் பெரும்பாலும் கட்டடமும் கருவியும்தான் தெரிகின்றன. தினம் காலையில் வந்து குவியலைக் கிளறும் கைக்கு எதிலும் இடமில்லை. 2016-ல் நகரக் கழிவு உரத்துக்கு டன்னுக்கு ₹1,500 என்று ஒன்றிய அரசு ஒரு சந்தை உதவி அறிவித்தது. அதுவும் பெரும்பாலும் உர நிறுவனங்கள் வழியாக விற்கும் ஆலைகளுக்குத்தான் உதவியது. தெருமுனைக் கூடத்துக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

இப்போது மறுபக்கம் பாருங்கள். சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கைப் பயோமைனிங் செய்ய, அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்ற, ஏறக்குறைய ₹350 கோடி. கொடுங்கையூருக்கு ₹640 கோடி அளவில். அந்த மலைகளில் என்ன இருக்கிறது? பிரிக்காமல் கொட்டிய பழைய சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கும் மண்ணும்தான். அன்றன்றைக்குத் தெருவிலேயே பிரித்திருந்தால் இத்தனை வந்திருக்காது. கொடுங்கையூரில் ₹1,248 கோடியில் எரிவுலை என்று திட்டம் வந்தது. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான மக்கும் குப்பை. அதை எரிப்பதென்றால் முதலில் தண்ணீரைத்தான் காய்ச்ச வேண்டும். கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் தீப்பிடித்தபோது அணைக்க ஆன செலவு கிட்டத்தட்ட ₹77 லட்சம். அதில் டீ, சாப்பாட்டுக்கு மட்டும் ₹27 லட்சத்துக்கும் மேல் என்று மாமன்றத்துக்கு வந்த கணக்கு அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. எங்கள் உரக்கூடத்துக்கு அந்த டீக்காசே போதும், பல வருஷம் ஓட்டிவிடுவோம்.

என் யோசனை இது. ஒரு டன் குப்பையை வாசலிலிருந்து கிடங்குவரை கொண்டுபோய்க் கொட்ட ஓர் உள்ளாட்சிக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். வண்டி, டீசல், ஆள், கிடங்கில் கையாளுவது எல்லாம் சேர்த்து. அதில் பாதியை, லாரியில் ஏற்றாமல் தன் எல்லைக்குள்ளேயே உரமாக்கும் குழுவுக்கு, டன்னுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுங்கள். மீதிப் பாதி உள்ளாட்சிக்கு மிச்சம். யாருக்கும் புதிதாகச் செலவில்லை.

பொய்க் கணக்கு எழுதுவார்களே என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். நியாயமான பயம்தான். சென்னையில் 2000-ல் தனியாருக்குக் குப்பை அள்ளும் வேலை போனபோது எடைக்குக் காசு என்றுதான் ஒப்பந்தம். கட்டட இடிபாட்டையும் சேர்த்து ஏற்றுகிறார்கள் என்று அப்போதே புகார் கிளம்பியது. ஆனால் உரக்கூடத்தில் ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. எத்தனை வீடு என்பது தெரியும், ஒரு வீட்டுக்கு எவ்வளவு குப்பை வரும் என்பதும் தெரியும். அதற்கு மேல் எழுதினால் காசில்லை என்று உச்சவரம்பு வையுங்கள். உள்ளே போன எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உரமாக வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். சுகாதார ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்து குவியலில் தெர்மாமீட்டர் செருகிப் பார்க்கட்டும். ஆறிக் கிடக்கும் குவியலை யாராலும் ஒரு மணி நேரத்தில் சூடாக்கிக் காட்ட முடியாது.

மகளிர் குழுக்களை நம்பி இந்த வேலையைக் கொடுக்கலாமா என்ற சந்தேகமும் வரலாம். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கிப் பிரிப்பது சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அங்கே 16 ஏக்கர் குப்பைமேடு பூங்காவாகிவிட்டது. அதற்கு வழிகாட்டியவர் திடக்கழிவு வல்லுநரான நம் வேலூர் சீனிவாசன். நம் ஊர் யோசனையை அவர்கள் நம்பி எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் வீடுகளில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்குகிறார்கள், அந்தப் பணம் அவர்கள் கூலிக்கே போகிறது.

இனி, குப்பையாகும் முன்பே காப்பாற்றக்கூடிய சாப்பாடு. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீடுகளில் வீணாகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. கல்யாண மண்டபம் இந்தக் கணக்கில் சேராது. முகூர்த்த நாளில் ராத்திரிப் பந்தி முடிகிற நேரத்தில் மண்டபத்துச் சமையல் கட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். அண்டா அண்டாவாகச் சாதம், கை படாத சாம்பார், தட்டு நிறைய ஜாங்கிரி. தேங்காய் சேர்த்ததெல்லாம் முதலில் ஊசிப்போகும்; அவியலுக்கும் சட்னிக்கும் அதிக நேரம் கிடையாது. எடுத்துப் போகிறவர் போன் வந்ததும் கிளம்ப வேண்டும், கையில் வண்டி வேண்டும், சூடு காக்கும் பாத்திரம் வேண்டும். 2014-ல் கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பு இதைத்தான் செய்கிறது. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் 'ஐயமிட்டு உண்' பொது ஃபிரிட்ஜ் வந்தது. மிஞ்சிய உணவை எப்படிக் கையாண்டு பகிர்வது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-லேயே ஒழுங்குமுறை கொண்டுவந்துவிட்டது. ஆக, செய்கிற ஆள் இருக்கிறார், சட்டமும் இருக்கிறது. டீசலுக்கும் டிரைவருக்கும்தான் நன்கொடையை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

இந்தப் பணத்துக்கும் வழி உண்டு. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்கள் பெருமளவு கழிவு உருவாக்குவோர். மக்கும் குப்பையை முடிந்தவரை அவர்களே தங்கள் வளாகத்தில் கையாள வேண்டும். பெரிய மண்டபங்கள் இதில் அடங்கும். செய்யாதவர்களிடம் வாங்கும் அபராதத்தைப் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், அந்தந்த ஊரில் மிஞ்சிய உணவை எடுத்துப் பகிரும் வண்டிக்கு ஒதுக்குங்கள். உணவு எங்கள் துறை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். காலையில் அது உங்கள் லாரியில்தான் ஏறுகிறது.

எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு மாநகராட்சி, இரண்டு நகராட்சி, சில பேரூராட்சிகள் போதும். 'நமக்கு நாமே' வழிகாட்டு நெறிகளில் மூன்றாண்டு நடைமுறைச் செலவையும் சேர்த்து ஓர் அரசாணை வந்தால் மூன்றில் ஒரு பங்கு போட எங்கள் சங்கம் தயார். தீர்மானம் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த மானியக் கோரிக்கையில் இதற்கு ஒரு கணக்குத் தலைப்பு வருமா என்பதை மட்டும் சொல்லுங்கள். வராதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தை மாதத்துக்குள் அந்த இரண்டு அக்காமாருக்கும் நாங்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர் ஒருவர்