காயமடைந்தவருக்குப் பதிலாள் வேண்டும்

ஆசிரியருக்கு,

டெஸ்ட் கிரிக்கெட்டில் காயமடைந்தவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாமா என்ற விவாதம் பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். இறக்கலாம் என்பதே என் கருத்து. 2025இல் இந்திய அணியின் இங்கிலாந்துப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். மான்செஸ்டரில் பாதத்தில் எலும்பு முறிந்த இந்திய வீரர் பந்த் நொண்டியபடியே மட்டை பிடிக்க வந்தார், அப்புறம் லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி நாளன்று, இங்கிலாந்து வெல்ல 17 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, தோள்பட்டை விலகிய அந்த அணியின் வோக்ஸ் இடக்கையைத் தூளியில் கட்டி ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினார். அன்று திங்கட்கிழமை மாலை, சிங்கப்பூர் தேக்கா உணவங்காடி நிலையத்தில் கைப்பேசியைச் சுற்றி நின்ற நாங்கள் இந்தியா 6 ஓட்டத்தில் வென்றதும் கத்தினோம்தான், ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வோக்ஸ் முகம் சுளித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வீரம் என்று புகழ்வது சரி, அதை விதியாக்குவது சரியல்ல. இங்கே எங்கள் வார இறுதி ஆட்டமொன்றில் விக்கெட் காப்பாளருக்கு விரல் முறிந்தபோது எதிரணித் தலைவரே “வேறு ஆளை இறக்குங்க” என்றார், யாரும் குறை சொல்லவில்லை. தலையில் அடிபட்டால் 2019 முதல் பதிலாள் உண்டே! அணிகள் பொய்க்காயம் காட்டும் என்ற அச்சம் இருந்தால், நடுநிலை மருத்துவர் ஸ்கேன் பார்த்து உறுதிசெய்த எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் மட்டுமாவது அனைத்துலகக் கிரிக்கெட் மன்றமான ஐசிசி இதை நிரந்தரமாக அனுமதிக்கலாம்.

வாசகர், ஈசூன்